பி காம்ப்ளக்ஸ் போட்டால் வயிறு சரியாகுமா? சோறு, சுகர், குடல்... மூணுக்கும் பி வைட்டமினுக்கும் என்ன தொடர்பு? முழு விவரம்

"அண்ணே, உடம்பெல்லாம் அசதியா இருக்கு. வயிறும் சரியில்ல. ஒரு பி காம்ப்ளக்ஸ் அட்டை குடுங்க."

தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கொஞ்ச நேரம் நின்றாலே இந்த வசனம் காதில் விழும். காய்ச்சலா, வாய்ப்புண்ணா, கால் மரத்துப் போச்சா, எல்லாத்துக்கும் நம்ம ஊரில் முதலில் கை நீள்வது இந்த மாத்திரைக்குத்தான். டாக்டர்களும் ஆன்டிபயாட்டிக் எழுதும்போது கூடவே இதையும் எழுதித் தருவது உண்டு.

உண்மையில் இந்த மாத்திரை என்ன செய்யுது? சாப்பிடுற சோறு சக்தியா மாறுறதுக்கும் பி வைட்டமினுக்கும் என்ன சம்பந்தம்? குடல் நல்லா இருக்க இது உதவுமா? சுகர் மாத்திரை போடுறவங்க ஏன் பி12 டெஸ்ட் எடுக்கணும்னு சொல்றாங்க? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பி வைட்டமின் ஒன்று இல்லை, எட்டு!

பெயர் ஒன்றாக இருந்தாலும் பி காம்ப்ளக்ஸ் என்பது எட்டு வைட்டமின்களின் கூட்டணி.

- பி1 - தயமின்
- பி2 - ரிபோஃபிளேவின்
- பி3 - நியாசின்
- பி5 - பேன்டோதெனிக் அமிலம்
- பி6 - பைரிடாக்சின்
- பி7 - பயோட்டின்
- பி9 - ஃபோலேட். மாத்திரையாக வரும்போது ஃபோலிக் ஆசிட்
- பி12 - கோபாலமின்

இவை எல்லாமே தண்ணீரில் கரைபவை. அதனால் உடல் பெரிதாகச் சேமித்து வைக்காது, தேவைக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். மாத்திரை போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவதற்குக் காரணம் பி2.

ஒரே விதிவிலக்கு பி12. கல்லீரலில் சில ஆண்டுகளுக்குத் தேவையான பி12 சேமிப்பில் இருக்கும். பி1 கதை நேர் எதிர். சாப்பாட்டில் அது வருவது நின்றால் சில வாரங்களிலேயே கையிருப்பு காலி. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சோறு எப்படி சக்தியா மாறுது?

ஒரு தட்டு சோறு சாப்பிடுறீங்க. அதில் இருக்கும் மாவுச்சத்து, அதாவது கார்போஹைட்ரேட், குடலில் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. இன்சுலின் உதவியோடு செல்லுக்குள் போகிறது. ஆனால் குளுக்கோஸ் உள்ளே போனதும் சக்தி வந்துவிடாது. அடுப்புக்குள் விறகு வைத்தால் மட்டும் போதுமா? பத்த வைக்கணும் இல்லையா? அந்த வேலையில்தான் பி வைட்டமின்கள் வருகின்றன.

செல்லுக்குள் குளுக்கோஸ் முதலில் பைருவேட் என்ற பொருளாக உடைகிறது. அடுத்து அசிடைல் கோஏ ஆக மாற வேண்டும். பைருவேட் அசிடைல் கோஏ ஆக மாறும் அந்த ஒரே படிக்கு நான்கு பி வைட்டமின்கள் வேண்டும். பி1, பி2, பி3, பி5 ஆகிய நான்கும் இருந்தால்தான் கதவு திறக்கும்.

இதில் பி1 இல்லை என்றால் என்ன ஆகும்? பைருவேட் அந்த வாசலிலேயே தேங்கி, லாக்டிக் அமிலமாக மாறி உடலில் சேரும். வயிறு நிறையச் சாப்பிட்டும் செல்கள் பட்டினி கிடக்கும். சக்தியை அதிகம் செலவழிக்கும் மூளை, நரம்பு, இதயம் ஆகியவைதான் முதலில் அடி வாங்கும்.

மற்ற பி வைட்டமின்களுக்கும் இதில் பங்கு உண்டு. தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த சர்க்கரையை எடுத்துச் செலவழிக்க பி6 வேண்டும். சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்க பயோட்டின் வேண்டும்.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். கார்போஹைட்ரேட் எவ்வளவு அதிகமாகச் சாப்பிடுகிறோமோ, பி1 தேவையும் அவ்வளவு கூடும். மூணு வேளையும் அரிசியை நம்பி இருக்கும் நமக்கு இது முக்கியம்.

அப்போ மாத்திரை போட்டா எனர்ஜி வருமா?

இங்கதான் பலரும் தப்பா புரிஞ்சுக்கறாங்க. பி வைட்டமின் சக்தி தருவதில்லை. அதில் கலோரியே கிடையாது. சாப்பாட்டில் இருந்து சக்தியை எடுக்க உதவும் ஒரு கருவி மட்டுமே அது.

குறைபாடு இருப்பவருக்கு மாத்திரை போட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஏற்கெனவே போதுமான அளவு இருப்பவருக்கு, கூடுதலாகப் போடுவதால் கூடுதல் தெம்பு வராது. ரத்த சர்க்கரையும் இதனால் குறையாது. சுகர் மாத்திரைக்குப் பதிலாக பி காம்ப்ளக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்று சுற்றும் ஃபார்வர்டு மெசேஜ்களை நம்பி மாத்திரையை நிறுத்தினால் ஆபத்துதான்.

குடலுக்கு பி வைட்டமின் ஏன் வேணும்?

நம் உடலில் மிக வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்களில் ஒன்று குடலின் உள்சுவர். சுமார் 3 முதல் 5 நாட்களுக்கு ஒருமுறை பழைய செல்கள் உதிர்ந்து புதியவை வருகின்றன. புது செல் உருவாக டி.என்.ஏ. நகலெடுக்கப்பட வேண்டும். அதற்கு ஃபோலேட்டும் பி12-ம் கட்டாயம்.

இந்த இரண்டும் குறைந்தால் வாயில் இருந்தே அறிகுறி தெரியும். நாக்கு சொரசொரப்பு போய் வழவழப்பாக, சிவந்து எரியும். வாய்ப்புண் அடிக்கடி வரும். சிலருக்குப் பசி குறையும், வயிற்றுப்போக்கு வரும். பி2 குறைந்தால் உதட்டோரம் வெடிக்கும்.

நியாசின் கடுமையாகக் குறைந்தால் வரும் நோய் பெலாக்ரா. வெயில் படும் இடத்தில் தோல் கருத்து உரியும், வயிற்றுப்போக்கு நிற்காது, மனநிலை தடுமாறும். மக்காச்சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஐரோப்பிய, அமெரிக்க ஏழைகளை வாட்டிய நோய் இது. இந்தியாவில் தக்காணப் பகுதியில் வெள்ளைச் சோளமே முக்கிய உணவாக இருந்தவர்களிடமும் காணப்பட்டது.

இதில் ஒரு சிக்கலான சுழல் இருக்கு. பி வைட்டமின் குறைந்தால் குடல் பாதிக்கும். குடல் பாதித்தால் பி வைட்டமின் உறிஞ்சப்படாது. இதற்கு தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்ட கிராமங்களில் 'டிராபிகல் ஸ்ப்ரூ' என்ற நாள்பட்ட வயிற்றுப்போக்கு நோய் கொள்ளைநோய் போலப் பரவியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கிராமம் கிராமமாகப் போய் அதை ஆராய்ந்தார்கள். குடல் உறிஞ்சும் திறனை இழக்க, ஃபோலேட்டும் பி12-ம் குறைந்து, ரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும் நோய் அது. இன்றும் இதற்கு ஆன்டிபயாட்டிக்கோடு ஃபோலிக் ஆசிட், பி12 சேர்த்தே சிகிச்சை தரப்படுகிறது.

குடல் பாக்டீரியாவே பி வைட்டமின் தயாரிக்குமாமே?

ஆமாம், உண்மைதான். பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களில் பல, பி வைட்டமின்களைத் தயாரிக்கின்றன. தயாரிக்கத் தெரியாத பாக்டீரியாக்கள் பக்கத்து வீட்டில் கடன் வாங்குவது போல மற்றவற்றிடம் இருந்து எடுத்துக்கொள்கின்றன. குடலுக்குள் ஒரு பெரிய கொடுக்கல் வாங்கலே நடக்கிறது.

ஆனால் அதில் நமக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். முக்கியமாக பி12 விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நம் உடல் பி12-ஐ உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. பாக்டீரியா அதைத் தயாரிக்கும் இடமோ அதைத் தாண்டி இருக்கும் பெருங்குடல். பஸ் ஸ்டாப்பைத் தாண்டிய பிறகு டிக்கெட் கிடைப்பது மாதிரி. கையில் இருந்தும் பயன் இல்லை.

சிலருக்குப் பெருங்குடலில் இருக்க வேண்டிய பாக்டீரியாக்கள் சிறுகுடலிலேயே அளவுக்கு மீறிப் பெருகிவிடும். அப்போது சாப்பாட்டில் வரும் பி12-ஐ நமக்கு முன்னால் அவையே சாப்பிட்டுவிடும். நாள்பட்ட வயிற்று உப்புசம், கேஸ், பேதி இருப்பவர்களுக்கு டாக்டர் பி12 டெஸ்ட் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆன்டிபயாட்டிக் கூட ஏன் தர்றாங்க?

ஆன்டிபயாட்டிக் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கும், அதனால் வைட்டமின் குறையும் என்ற எண்ணத்தில் எழுதப்படுவது இது. சரியாகச் சாப்பிடும் ஒருவருக்கு ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்கால் பி வைட்டமின் குறைபாடு வந்துவிடாது. ஆன்டிபயாட்டிக்கால் வரும் பேதியை பி காம்ப்ளக்ஸ் நிறுத்தவும் செய்யாது. காய்ச்சலில் பல நாள் சாப்பிட முடியாமல் கிடந்தவர், ஏற்கெனவே சத்துக் குறைந்தவர் என்றால் அது வேறு கதை. அதை டாக்டர் முடிவு செய்வார்.

தமிழர்களைக் காப்பாற்றிய புழுங்கல் அரிசி

பி வைட்டமின் கண்டுபிடிக்கப்பட்ட கதையே அரிசியில் இருந்துதான் தொடங்குகிறது. அதில் நம்மவர்களுக்கும் ஒரு இடம் உண்டு.

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசியா முழுக்க பெரிபெரி என்ற நோய் ஆட்டிப்படைத்தது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடக்க முடியாது, இதயம் செயலிழந்து இறந்துபோவார்கள். இயந்திர மில்கள் வந்து, அரிசியை வெள்ளை வெளேர் என்று தீட்ட ஆரம்பித்த காலம் அது. ஆனால் அரிசிதான் காரணம் என்று யாருக்கும் தெரியாது. ஏதோ கிருமி என்றே நினைத்தார்கள்.

1890-களில் ஜாவாவில் இருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தன் ஆய்வகக் கோழிகள் பெரிபெரி போலத் தள்ளாடுவதைக் கவனித்தார். ராணுவ மருத்துவமனையில் மீதமான வெள்ளைச் சோற்றை அவை சாப்பிட்டு வந்தன. புது சமையல்காரர் வந்து, 'ராணுவத்து அரிசியை கோழிக்குத் தரமாட்டேன்' என்று மறுக்க, கோழிகளுக்குத் தீட்டாத அரிசி போடப்பட்டது. கோழிகள் குணமாகிவிட்டன! அந்தக் கண்டுபிடிப்புக்காக எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே காலகட்டத்தில் மலேயாவில் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக பெரிபெரியில் சாக, பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. காரணம், தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. அங்கே பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதை 1907-ல் வெளியான தன் புத்தகத்தில் பதிவு செய்தார். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் 1905-ல் ஒரு பாதி நோயாளிகளுக்குப் பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி சாப்பிட்டவர்களில் பலருக்கு பெரிபெரி வந்து உயிரிழப்புகளும் நேர்ந்தன. புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் தப்பினார்கள். நோயாளிகளை வைத்து இப்படி ஒரு சோதனை செய்ய இன்று எந்த நாட்டிலும் அனுமதி கிடைக்காது.

பின்னாளில் அந்த மர்மப் பொருள் பி1 என்று தெரியவந்தது. 1936-ல் அதை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர் எது தெரியுமா? அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்!

குன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சி

இந்தியாவின் உணவுச் சத்து ஆராய்ச்சி தொடங்கியதும் நம் நீலகிரியில்தான். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறையில் 'பெரிபெரி விசாரணை' என்ற பெயரில் ராபர்ட் மெக்கேரிசன் ஆய்வைத் தொடங்கினார். சத்தில்லாத உணவு கொடுத்து வளர்த்த குரங்குகளின் குடல் சுவர் எப்படி மெலிந்து புண்ணாகிறது என்பதை அவர் அப்போதே ஆவணப்படுத்தினார். குடலுக்கும் வைட்டமினுக்கும் தொடர்பு இருக்கு என்று இன்று பேசுவதை நூறு வருஷத்துக்கு முன்பே குன்னூரில் பேசிவிட்டார்கள்.

அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. ஃபோலேட் கண்டுபிடிப்புக்கு வழி போட்ட லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரும் குன்னூரில் சில காலம் ஆய்வு செய்தவர். பம்பாய் மில் தொழிலாளர்களான கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஈஸ்ட் சாறு குணப்படுத்துவதை அவர் கண்டறிந்தார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் பின்னர் ஃபோலேட் எனப் பெயர் பெற்றது.

புழுங்கல் அரிசியில் அப்படி என்ன இருக்கு?

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் பி1 தண்ணீரோடு சேர்ந்து அரிசிக்குள் இறங்குகிறது. அதன் பிறகு மில்லில் தீட்டினாலும் ஓரளவு சத்து உள்ளேயே தங்கிவிடும். தீட்டிய பச்சரிசியோடு ஒப்பிட்டால் புழுங்கல் அரிசியில் பி1 ஏறக்குறைய மூன்று மடங்கு வரை இருக்கும்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு நாமே அதைக் கோட்டை விடுகிறோம்.

- அரிசியை நாலைந்து முறை கசக்கிக் கழுவினால் பி1 தண்ணீரோடு போய்விடும். இரண்டு முறை மெதுவாக அலசினால் போதும்.
- வடித்த கஞ்சியைக் கொட்டினாலும் இழப்புதான். அந்தக் காலத்தில் உப்பு போட்டு வடிகஞ்சியைக் குடித்ததில் அர்த்தம் இருக்கு.
- பருப்பு சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்ப சோடா போடுவதும் பி1-ஐ அழித்துவிடும்.
- சாப்பிட்ட உடனே டீ, காபி குடிப்பது, பாக்கு போடுவது ஆகியவையும் பி1 உடலில் சேர்வதைத் தடுக்கும்.
- பாலை வெயிலில் வைத்தால் பி2 குறையும்.

சுகர் மாத்திரை போடுறவங்க கவனிக்க வேண்டியது

இந்தக் கட்டுரையில் நீங்கள் கண்டிப்பாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

டைப் 2 சர்க்கரை நோய்க்கு அதிகம் தரப்படும் மாத்திரை மெட்ஃபார்மின். நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் அதிக டோஸில் பல ஆண்டுகள் எடுப்பவர்களில் சிலருக்கு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் முதல் சில ஆண்டுகள் எதுவும் தெரியாது. சேமிப்பு கரைந்த பிறகுதான் பிரச்சினை தலைகாட்டும்.

எப்படித் தலைகாட்டும்? பாதம் மரத்துப்போகும். ஊசி குத்துவது போல இருக்கும். எரியும். செருப்பு நழுவியதே தெரியாது. பிரச்சினை என்னவென்றால், சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்புக்கும் இதே அறிகுறிகள்தான்!

"சுகர் இருக்கறதால கால் மரத்துப் போகுது, என்ன பண்றது" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பாதி காரணம் பி12 குறைபாடாக இருக்கலாம். சர்க்கரையால் வந்த நரம்புச் சேதத்தை மீட்பது கஷ்டம். பி12 குறைபாட்டைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்ய முடியும். தாமதமானால் அதுவும் நிரந்தரமாகிவிடும். அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதலும், மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அவ்வப்போது பி12 பரிசோதனை தேவை என்கிறது. ரத்தசோகை அல்லது நரம்புப் பாதிப்பு இருந்தால் இது இன்னும் அவசியம்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சிட்டு மெட்ஃபார்மினை நீங்களா நிறுத்திடாதீங்க. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, "டாக்டர், நான் இத்தனை வருஷமா இந்த மாத்திரை எடுக்கறேன், பி12 பார்க்கலாமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அசிடிட்டி மாத்திரையும் ஒரு காரணம்

சாப்பாட்டில் வரும் பி12 உடலில் சேர்வது ஒரு ரிலே ரேஸ் மாதிரி. முட்டை, மீன், பாலில் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். வயிற்று அமிலம் அதைப் பிரிக்க வேண்டும். பிறகு இரைப்பை சுரக்கும் ஒரு சிறப்புப் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசி வரை கூட்டிப் போக வேண்டும். நடுவில் ஒருவர் கோலைத் தவறவிட்டாலும் ஆட்டம் அவுட்.

ஒமிப்ரசோல், பேன்டோப்ரசோல் போன்ற மாத்திரைகள் வயிற்று அமிலத்தைக் குறைப்பவை. 'கேஸ் மாத்திரை' என்று காலையில் வெறும் வயிற்றில் வருஷக்கணக்கில் போட்டு வருபவர்கள் நிறைய. நீண்ட காலம் எடுத்தால் ரேஸின் முதல் சுற்றே தடைபடும். சுகருக்கு மெட்ஃபார்மின், கேஸுக்கு பேன்டோப்ரசோல் என இரண்டையும் பல ஆண்டுகளாக எடுக்கும் வீட்டுப் பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்கு பி12 பார்ப்பது ரொம்ப முக்கியம். வயதானாலே வயிற்று அமிலம் குறைவதும் உண்டு.

வேற யாருக்கெல்லாம் ரிஸ்க்?

- சைவ உணவு சாப்பிடுபவர்கள்: பி12 இயற்கையாக அசைவம், முட்டை, பால் பொருட்களில்தான் கிடைக்கும். பால், தயிர் கூடத் தொடாத வீகன்கள் மாத்திரையோ செறிவூட்டிய உணவோ எடுத்தே ஆக வேண்டும். பழைய சோறு, கீரை, ஸ்பைருலினாவை பி12-க்காக நம்ப முடியாது.
- தினமும் மது குடிப்பவர்கள்: மது, பி1 உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு வந்தால் அதைப் போதை என்று நினைத்து விடக்கூடாது. பி1 இல்லாமல் மூளை பாதிக்கும் அவசர நிலையாக இருக்கலாம்.
- விடாமல் வாந்தி எடுக்கும் கர்ப்பிணிகள்: சில வாரங்களிலேயே பி1 கையிருப்பு தீர்ந்துவிடும் என்று முன்னாடி பார்த்தோம் இல்லையா? அது இவர்களுக்கும் பொருந்தும்.
- உடல் எடை குறைப்பு அறுவை சிகிச்சை, குடல் அறுவை சிகிச்சை செய்தவர்கள்.
- பல நாள் பட்டினி கிடந்தவர்கள்: இவர்களுக்குத் திடீரென்று குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சம் இருக்கும் பி1-ம் ஒரே மூச்சில் செலவாகிவிடும். அதனால்தான் மருத்துவமனையில் முதலில் தயமின் ஊசி போடுகிறார்கள். "அசதியா இருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த சாப்பாட்டில் என்ன கிடைக்கும்?

- பி1: புழுங்கல் அரிசி, கைக்குத்தல் அரிசி, கம்பு, பயறு வகைகள், வேர்க்கடலை, எள்
- பி2: பால், தயிர், முட்டை, ஈரல், கீரை
- பி3: வேர்க்கடலை, கோழி, மீன், முழு தானியங்கள்
- பி6: வாழைப்பழம், உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை, மீன்
- ஃபோலேட்: கீரை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, ஈரல்
- பி12: மீன், கருவாடு, முட்டை, ஈரல், இறைச்சி, பால், தயிர்

பி5, பயோட்டின் இரண்டும் பெரும்பாலான உணவுகளில் இருப்பதால் கவலை வேண்டாம். பி12 தேவை ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 மைக்ரோகிராம் அளவுதான். கண்ணுக்கே தெரியாத அளவு. இட்லி, தோசை மாவு புளிக்கும்போது சில பி வைட்டமின்களின் அளவு கூடுவதும் நமக்கு லாபம்.

ரேஷன் அரிசியில் மிதப்பது பிளாஸ்டிக்கா?

இல்லை. செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், பி12 மூன்றும் சேர்க்கப்படுகின்றன. அரிசி மாவோடு சத்துகளைக் கலந்து, அரிசி வடிவத்திலேயே அச்சு வார்த்து, சாதாரண அரிசியில் 100-க்கு 1 என்ற விகிதத்தில் கலக்கிறார்கள். நிறம் கொஞ்சம் மாறி இருப்பதாலும், கழுவும்போது சில மிதப்பதாலும் 'பிளாஸ்டிக் அரிசி' என்று வதந்தி கிளம்பியது. அதைப் பொறுக்கி வெளியே போட்டால் சத்தைத்தான் வெளியே போடுகிறோம். தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்கள் மட்டும் இரும்புச்சத்து இருப்பதால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதிகமா போட்டா ஒண்ணும் ஆகாதா?

'தண்ணீரில் கரையும் வைட்டமின்தானே, மிச்சம் சிறுநீரில் போயிடும்' என்பது முழு உண்மை இல்லை.

பி6: நரம்புக்கு நல்லது என்று நினைத்து அதிக டோஸில் மாதக்கணக்கில் எடுத்தால், அதுவே நரம்பைக் கெடுக்கும். கால் மரத்துப்போகுதுன்னு போட்ட மாத்திரையே மரத்துப்போக வைக்கும்! ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் இதற்கான உச்ச வரம்பை ஒரு நாளைக்கு 12 மில்லிகிராம் என்று குறைத்தது. அட்டையின் பின்பக்கம் எவ்வளவு பி6 இருக்கு என்று ஒருமுறை பாருங்கள்.

ஃபோலிக் ஆசிட்: பி12 குறைபாடு இருப்பவர் ஃபோலிக் ஆசிட் மட்டும் எடுத்தால், ரத்தசோகை சரியானது போலத் தெரியும். ஆனால் உள்ளே நரம்புச் சேதம் தொடரும்.

நியாசின்: அதிக டோஸில் முகம் சிவந்து எரியும், கல்லீரல் பாதிக்கலாம்.

பயோட்டின்: முடி வளர என்று அதிக டோஸில் எடுப்பவர்களுக்கு தைராய்டு டெஸ்ட், மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் டெஸ்ட் முடிவுகள் தவறாக வரலாம். ரத்தம் கொடுக்கும் முன் லேபில் சொல்லிவிடுங்கள்.

என்ன டெஸ்ட், எப்போ எடுக்கணும்?

ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கும் டெஸ்ட் பெரும்பாலான லேப்களில் உண்டு. அதில் இழுபறியாக முடிவு வந்தால் மீதைல்மலோனிக் ஆசிட், ஹோமோசிஸ்டீன் என்ற கூடுதல் டெஸ்ட்களை டாக்டர் எழுதலாம். பி12 ஊசியோ மாத்திரையோ போட்ட பிறகு டெஸ்ட் எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அதனால் சந்தேகம் இருந்தால் முதலில் டெஸ்ட், பிறகு மாத்திரை.

குறைபாடு உறுதியானால் ஊசிதான் போடணும் என்று இல்லை. அதிக டோஸ் மாத்திரையில் சுமார் 1 சதவீதம் எந்த உதவியும் இல்லாமலே குடலில் உறிஞ்சப்படும். பலருக்கு அதுவே போதும். நரம்புப் பாதிப்பு தெரிந்தால் பொதுவாக ஊசியில் தொடங்குவார்கள்.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

- இரண்டு பாதமும் மரத்துப்போவது, இருட்டில் நடக்கும்போது தள்ளாடுவது
- வழவழப்பான சிவந்த நாக்கு, ஆறாத வாய்ப்புண்
- இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் பேதி, காரணமில்லாமல் எடை குறைவது
- கால் வீக்கத்தோடு மூச்சு வாங்குவது
- வயதானவர்களுக்குத் திடீர் மறதி, குழப்பம்

சுருக்கமா சொன்னா...

சோறு சக்தியாக மாற பி வைட்டமின் வேண்டும். குடல் சுவர் புதுப்பிக்கப்படவும் வேண்டும். குறைபாடு இருப்பவருக்கு இந்த மாத்திரை மருந்து, குறைபாடு இல்லாதவருக்குச் செலவு. பெரும்பாலானவர்களுக்குப் புழுங்கல் அரிசி, பயறு, கீரை, வேர்க்கடலை, முட்டை அல்லது மீன், தயிர் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டாலே போதும்.

உங்க வீட்டில் அப்பாவோ, அம்மாவோ, தாத்தாவோ, பாட்டியோ பல வருஷமா மெட்ஃபார்மின் எடுக்கறாங்களா? கால் மரத்துப் போகுதுன்னு சொல்றாங்களா? 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடாமல், அடுத்த செக்கப்பில் பி12 டெஸ்ட் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

பொறுப்புத் துறப்பு: இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. மாத்திரைகளைத் தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் முன் உங்கள் மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள்.